மோலி போர்ட்டரும் வண்ணார்பேட்டை அண்ணாச்சியும்: மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான மெய்நிகர் நேர்காணல் பயிற்சி, ஒரு மதிப்பீடு

'வி.ஆர். பயிற்சி', அதாவது மெய்நிகர் பயிற்சி, என்றதுமே தலையில் மாட்டும் கண்ணாடிப் பெட்டிக்குக் கொட்டேஷன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையில்லை. அமெரிக்காவின் சிம்மர்ஷன் நிறுவனம் உருவாக்கிய வி.ஆர்.-ஜே.ஐ.டி. என்ற நேர்காணல் பயிற்சி மென்பொருள் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடுவது. ஒரு திரை, மைக் உள்ள ஹெட்செட், வீடியோ நிற்காமல் ஓடும் அளவுக்கு இன்டர்நெட் இருந்தால் போதும். ஹெட்செட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மைக் வாய்க்கு முன்னால் வரும் கம்பி மாடல்தான் வேண்டும். லேப்டாப்பின் உள் மைக் ஃபேன் சத்தத்தையும் தெருவில் போகும் மினி பஸ் ஹாரனையும் சேர்த்தே பிடிக்கும்.

திரையில் மோலி போர்ட்டர் என்ற பெண் அதிகாரி இருக்கிறார். ஒண்டர்ஸ்மார்ட் என்ற கற்பனைக் கடைக்கு ஆள் எடுப்பது அவர் வேலை. வரைந்த பொம்மை அல்ல, நடிகையை வைத்து முன்கூட்டியே படம் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் இருப்பதால் அடுத்தடுத்த நேர்காணல்கள் ஒன்றுபோல வருவதில்லை. பயிற்சி பெறுபவர் முதலில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கடையில் உள்ள வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிவத்தில் எழுதியதை வைத்துத்தான் கேள்வி வரும். நடுவில் இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்ததாக எழுதினால் அதைப் பற்றியே கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் சில பதில்கள் வரும். ஒன்றைத் தேர்ந்து வாய்விட்டுச் சொன்னால் மென்பொருள் குரலைப் புரிந்துகொண்டு மோலியைப் பேச வைக்கும். ஓரத்தில் நிற்கும் பயிற்றுநர் உருவம், சொன்ன பதில் நல்லதா சொதப்பலா என்று சைகையில் உடனே காட்டும்.

நேர்காணல் முடிந்ததும் 100க்கு மதிப்பெண் வரும். 90 எடுத்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். மூன்று நிலைகள்: முதலில் சிரித்த முகம், பிறகு கறார், கடைசியில் சிடுசிடுப்பு. சிடுசிடுப்பான மோலி கேட்கக் கூடாத கேள்விகளையும் கேட்பார். உரையாடல் முழுக்க எழுத்தாக, நிறம் பிரித்து, கீழே விளக்கத்தோடு கிடைக்கும். தன் குரலைத் தானே போட்டுக் கேட்கவும் முடியும்.

இந்த எழுத்துப் பிரதிதான் முழுப் பொருளிலும் விலை பெறும் பகுதி. மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 90ஐத் துரத்த ஆரம்பித்த பையன், எந்தக் கேள்விக்கு எந்த வாக்கியத்தைத் தொட வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடுவான், கேள்வியைக் காதில் வாங்கமாட்டான். பிரதியில் சொதப்பிய இரண்டு இடங்களை மட்டும் எடுத்து, 'இது ஏன் சரியில்லை, நீ உன் வார்த்தையில் சொல்லு' என்று கேட்பதுதான் பயிற்சி. ஒரே நாளில் பத்துத் தவறையும் காட்டினால் மறுநாள் ஆள் வரமாட்டார்.

பள்ளி முடிக்கும் வயதினருக்காக இதையே மாற்றி அமைத்த பதிப்பு வி.ஐ.டி.-டே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஸ்மித் குழு சிம்மர்ஷனோடு சேர்ந்து செய்தது. இதில் மோலிக்குப் பதில் ரீட்டா வேகா, ட்ராவிஸ் பிஷப் என்று இரண்டு அதிகாரிகள். ஆட்டிசம் உள்ள மாணவர்களை வைத்து அமெரிக்கப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. வழக்கமான வேலைப் பயிற்சியோடு இதையும் பெற்றவர்களுக்கு நேர்காணல் திறன் கூடியது, பதற்றம் குறைந்தது என்பது முடிவு. கலந்துகொண்டவர்கள் 70 பேர் அளவில்தான். எல்லாக் குறைபாட்டுக்கும் இதே பலன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முந்தைய ஆய்வுகளில் பயிற்சி 10 மணி நேரம் வரை, பல நாளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 'ஒரு நாள் வொர்க்‌ஷாப் போடலாமா' என்று கேட்கும் கல்லூரி நிர்வாகங்கள் இதைக் கவனிக்கட்டும்.

இனி நம் திருநெல்வேலிக்கு வருவோம். முதல் முட்டுக்கட்டை மொழி. கேள்வியும் பதில் பட்டியலும் ஆங்கிலம். தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்த நாங்குநேரிப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பெயர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்தப் பொருளின் முக்கியமான சௌகரியமே போய்விடும். மனிதர் முன்னால் திணறும் கூச்சம் இல்லாமல், யாரும் 'உச்' கொட்டாமல், ஒரே கேள்வியை இருபது தடவை வாங்கிக்கொள்ளலாம் என்பதல்லவா அந்தச் சௌகரியம்.

இரண்டாவது, பட்டியலில் உள்ள வாக்கியத்தை வாசிக்கச் சொல்வது. நல்ல பதில் எது என்று அடையாளம் காண அது கற்றுத்தருகிறது. வண்ணார்பேட்டை அண்ணாச்சி கடை நேர்காணலில் எதிரே பட்டியல் இருக்காது. ஆகவே ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, அன்று வந்த மூன்று கேள்விகளைப் பயிற்றுநர் வாயால் கேட்டே ஆக வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் இந்த மென்பொருள் வெறும் விளையாட்டு.

மூன்றாவது, நடப்பு. மோலியிடம் பேரம் பேசும் பயிற்சியில் ஒன்று வியாழக்கிழமை விடுப்பு கேட்பது. கேட்கும் துணிவை வளர்க்க நல்ல ஏற்பாடுதான். நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது வேறு: 'மாசத்துல ஒரு நாள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார், அன்னைக்கு மதியத்துக்கு மேல வாரேன்.' கங்கைகொண்டான் சிப்காட் என்றால் முதல் கேள்வியே ஷிப்டு. 'நைட் ஷிப்டு பாப்பியா? ராத்திரி எப்பிடி வீட்டுக்குப் போவ?' இதற்கு 'போயிருவேன் சார்' என்று மொட்டையாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். கம்பெனி வேன் எங்கே நிற்கும், அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம், மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறதா என்று விவரம் சொல்ல வேண்டும். நேர்காணலுக்கு முந்தின நாள் அதே நேரத்துக்கு ஒரு தடவை போய்வந்தவர்தான் இதைத் தடுமாறாமல் சொல்வார்.

சிடுசிடு மோலியின் மூன்றாம் நிலையை மட்டும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்கக் கூடாத கேள்வி நம் பக்கத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். 'எந்த ஊரு?' என்பது சாதாரணம். 'ஊர்ல எந்தத் தெரு?' என்பது எதற்கு என்று திருநெல்வேலிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சியில் வைக்க வேண்டிய பதில், தெருவைச் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தைச் சொல்வது: 'பேட்டை செக்போஸ்ட் பக்கம் சார், அரை மணி நேரத்துல வந்துருவேன்.' முகம் மாறாமல் சொல்லிப் பழக வேண்டும்.

'இது எப்பிடி ஆச்சு, பொறவியிலேயா?' என்ற கேள்விக்கு மூன்று வாக்கியம் போதும். குறைபாட்டைப் பற்றி ஒன்று, வேலையைப் பற்றி ஒன்று, தேவையைப் பற்றி ஒன்று. 'சின்ன வயசுல இருந்தே கால் இப்படித்தான் சார். உட்கார்ந்து பில் போடுறதுல ஒரு குறையும் வராது. மாடிக்கு லிஃப்ட் இருந்தா போதும்.' இருபது வினாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பேச்சு ஆஸ்பத்திரிக் கதையாக மாறி, வேலையைப் பற்றிப் பேச நேரமிருக்காது. வாக்கியங்களின் வரிசையையும் மாற்றக் கூடாது. தேவையை முதலில் சொன்னால் கேட்பவர் செலவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ன சொல்கிறது என்பதும் பயிற்சியில் வர வேண்டும். 21 வகைக் குறைபாடுகளை அந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். அதில் என்னென்ன வசதி செய்து தரப்படும் என்று இருக்க வேண்டும். நேர்காணல் முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?' என்றால் இதைக் கேட்கலாம். சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி மிரட்டும் தொனி வேண்டாம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு வேறு கணக்கு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு மட்டும் படிப்பவர் இந்தப் பயிற்சிக்கே வர வேண்டாம், அதில் நேர்காணலே கிடையாது.

யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தால், ஆட்டிசம், லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் மெய்நிகர் முறை நன்றாகக் கைகொடுக்கிறது. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் குழப்பம் இல்லை, கேள்வி சுத்தமாக வருகிறது, பதில் சொல்ல அவசரமில்லை. திரையில் வந்த திறமை நாற்காலிக்கு வருவதில்தான் சிக்கல். திரைக்குப் பிறகு தெரிந்த ஆசிரியர், பிறகு அதே அறையில் தெரியாத ஒருவர், கடைசியில் தெரியாத இடத்தில் தெரியாத ஒருவர் என்று நான்கு படியாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் படியிலேயே நிறுத்திவிடும் மையங்கள்தான் அதிகம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதும் உதவாது. எதிரே இருப்பவரின் நெற்றிப்பொட்டைப் பார்க்கச் சொன்னால் போதும், அவருக்கு வித்தியாசம் தெரியாது.

காது கேளாதவர்களுக்கு இந்த வகை மென்பொருள் பாதிதான் பயன்படும். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி பழமையானது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து படித்த இளைஞர்கள் இங்கே நிறைய. அவர்களுக்காக வாங்குவதானால் விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: குரலே கொடுக்காமல் க்ளிக் செய்தே முழு நேர்காணலையும் முடிக்க முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்து வருமா? டெமோவில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நீங்களே முயன்று பாருங்கள்.

அவர்களுக்கு உண்மையான பயிற்சி, சைகை மொழிபெயர்ப்பாளரோடு கூகுள் மீட்டில் நடத்தும் ஒத்திகை. லேப்டாப் நெஞ்சு உயரத்தில், உட்காரும் இடத்திலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி இருக்கட்டும். இரண்டு முழங்கையும் படத்துக்குள் தெரிய வேண்டும். பின்னால் ஒரே நிறச் சுவர், ஜன்னல் முன்பக்கம். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், விரல்கள் தனியாகத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தெரியும் கட்டத்தை 'பின்' (pin) செய்து பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யார் பேசுகிறாரோ அவர் முகம் பெரிதாகி, சைகை மூலையில் சுருங்கிவிடும்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான்: கேள்வி முடிந்து சைகை வந்து சேரச் சில வினாடி ஆகும். அந்த இடைவெளியை 'பதில் தெரியல' என்று அதிகாரி எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவுவார். கேள்வி வந்ததுமே கையை லேசாக உயர்த்தித் தலையாட்டும் பழக்கத்தை ஒத்திகையிலேயே ஏற்றிவிட வேண்டும். இன்னொன்று, அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே 'அந்தத் தம்பிகிட்ட கேளுங்க' என்பார். 'என்னைப் பார்த்துப் பேசுங்கள், இவர் எனக்குச் சொல்வார்' என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத நாளில் ஆண்ட்ராய்டில் பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் ட்ரான்ஸ்க்ரைப் செயலி உதவும், தமிழும் உண்டு. அதிகாரி நெல்லைத் தமிழை வேகமாகப் பேசினால் எழுத்து வேறெங்கோ போகும். போனை அவர் பக்கம் ஒரு கை நீளத்துக்குள் வைத்து, மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலைத் தட்டச்சு செய்பவர்கள் வேற்றுமை உருபை விட்டுவிடுவது வழக்கம், சைகை மொழியின் அமைப்பு வேறு என்பதால். 'நான் கடை வேலை இரண்டு வருடம்' என்று எழுதுவார்கள். திறமையைக் குறைத்து மதிப்பிட இது ஒன்று போதும். அடிக்கடி தேவைப்படும் பத்து வாக்கியங்களைச் சரியாக எழுதி, போன் கீபோர்டின் சுருக்கெழுத்துப் பகுதியில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

பார்வையற்றவர்களுக்கு: திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை ஓட்டிக்கொண்டு, மவுஸைத் தொடாமல் டெமோவை முடிக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். வீடியோ நேர்காணலில் இவர்களுக்கு வரும் கோளாறு வேறு. தமக்குத் தேவையில்லை என்பதால் அறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்துவிடுவார்கள், எதிர்முனையில் கறுப்புப் படம்தான் தெரியும். விளக்கைப் போட்டு, லேப்டாப்பின் இரு ஓரங்களையும் இரு கையால் தொட்டு நடுவில் உட்கார்ந்து, கேமரா வில்லையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர விரலால் உயரம் பார்க்கப் பழக்கினால் போதும். திரைவாசிப்பான் குரல் ஒரு காதிலும் அதிகாரி குரல் மறு காதிலும் வருகிற மாதிரி இரண்டு கருவியாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பெருமூளை வாதத்தால் பேச்சு இழுப்பவர்களுக்குக் குரலறிதல் மென்பொருள் மனத்தைத்தான் உடைக்கும். அவர்களை மைக் முன் உட்கார வைக்காதீர்கள். 'நான் மெதுவாப் பேசுவேன் சார், புரியலேன்னா திரும்பக் கேளுங்க' என்ற முதல் வாக்கியத்தை மனிதர் முன்னால்தான் பழக வேண்டும்.

உரிமம் வாங்காமல் இங்கேயே தமிழில் செய்துகொள்ள வழி உண்டா? ஓரளவு உண்டு. கூகுளின் ஏ.ஐ. குரல் உரையாடல் வசதியான ஜெமினி லைவ் 2024 முதல் தமிழிலும் பேசுகிறது, போன் போதும். சொல்லிக் கொடுக்கும் கட்டளைதான் எல்லாம். இப்படிச் சொல்லுங்கள்: 'நீ வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை மேனேஜர். பில்லிங் வேலைக்கு ஆள் எடுக்கிறாய். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. பேச்சுத் தமிழில் கேள். என் பதிலைப் பாராட்டாதே. எட்டுக் கேள்வி முடிந்ததும் எந்தப் பதிலில் விவரம் குறைவு, எது நீளம் என்று மட்டும் சொல்.' பாராட்டாதே என்ற வரியை விட்டுவிட்டால் எதைச் சொன்னாலும் அருமை என்று புகழும், கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் சித்தப்பா போல.

இதன் குறைகள்: நாலைந்து கேள்விக்குப் பிறகு மேனேஜர் வேஷம் கலைந்து ஆசிரியராகிவிடும். அப்போது கட்டளையைத் திரும்பச் சொல்ல வேண்டும். யோசிக்க நிறுத்தினால் பதில் முடிந்தது என்று குறுக்கே பேசும். மெதுவாகப் பேசுபவர்கள் லைவை விட்டு, அதே கட்டளையோடு எழுத்தில் பழகலாம். முகபாவத்துக்கு மதிப்பெண் கேட்காதீர்கள், அது சும்மா அடித்துவிடும். பெயர், முகவரி, யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை எண் எதையும் சொல்லக் கூடாது.

இதோடு இரண்டு அறை ஒத்திகையைச் சேர்த்தால் மோலி தருவதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஓர் அறையில் இளைஞர், இன்னொன்றில் அவருக்குத் தெரியாத ஒருவர், நடுவில் மீட். உள்ளூர்க் கடையிலோ வங்கியிலோ ஆள் எடுத்துப் பழகிய ஓய்வுபெற்றவர் கிடைத்தால் மிக நல்லது. சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். ஐந்து விஷயத்துக்கு மட்டும் 0, 1, 2 என்று மதிப்பெண்: வணக்கம் சொன்னது, கேட்டதற்கு மட்டும் பதில், ஓர் உதாரணமாவது சொன்னது, தன் தேவையைச் சொன்னது, ஒரு கேள்வியாவது கேட்டது. 10க்கு 7 வரும்வரை கேள்விகளை மாற்ற வேண்டாம், வந்தபின் ஆளை மாற்றுங்கள். அம்மாவோ அண்ணனோ அறைக்குள் இருக்கக் கூடாது. கேள்வி வந்ததும் பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்க்கும், பாதிப் பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வாங்கலாமா என்று கேட்டால்: ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போல, தங்கும் இடமும் பயிற்றுநர்களும் கம்ப்யூட்டர் அறையும் ஒரே வளாகத்தில் உள்ள பெரிய அமைப்புகளுக்கு உரிமம் வாங்குவது அர்த்தமுள்ளது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. அது போன்ற மென்பொருள் வேலைக்கு ஆங்கிலத்தில் பேசத் தயாராகும் பட்டதாரிகளுக்கும் மோலி உபயோகமானவர். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பயிற்றுநரும் உள்ள தாலுகா மையத்துக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு நல்ல ஹெட்செட், ஒரு ரிங் லைட் வாங்கி, சைகை மொழிபெயர்ப்பாளருக்கு அமர்வுக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுங்கள்.

மோலியின் அறை நேர்காணலில் வராத, நம் ஊருக்கு அவசியமான ஒன்று மிச்சம். இங்கே கடை, ஆஸ்பத்திரி ரிசப்ஷன், சிப்காட் ஒப்பந்த வேலைகளில் ஆளை நேரில் கூப்பிடுமுன் தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். பஸ்ஸில் நிற்கும்போது வரும். 'யாரு?' என்று கேட்டாலே பாதி வாய்ப்பு போய்விடும். பெயரைச் சொல்லி, 'பஸ்ல இருக்கேன் சார், பத்து நிமிஷத்துல கூப்பிடலாமா?' என்று சொல்ல, முன்னறிவிப்பின்றி போன் அடித்தே பழக்க வேண்டும். காது கேளாதவரின் பயோடேட்டாவில் போன் நம்பருக்கு நேரே 'வாட்ஸ்அப் செய்தி மட்டும்' என்று தடித்த எழுத்தில் போட்டு, அடியில் வீட்டில் பேசக்கூடிய ஒருவரின் நம்பரும் உறவும் எழுதுங்கள். அந்த ஒருவருக்கும் வேலையின் பெயர், விண்ணப்பித்த தேதி, எப்போது நேரில் வர முடியும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.